உச்சியும் ஊசலும்: மரமேறும் இன்பம் பற்றிய மூன்று ஆக்கங்கள்

மலையேற்றம் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூலகத்தின் பல தட்டுகளை நிரப்பவல்லன. கொடுமுடியை எட்டியோர், எட்டாது மீண்டோர், மீளாதே போனோர் ஆகிய அனைவர்க்கும் அங்கு எழுத்தாளர் வாய்த்துள்ளனர். மரமேற்றத்துக்கு அப்பேறு கிட்டவில்லை. காரணந் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மரமேறுவோர் பெரும்பாலும் இரு சாராரே. ஒரு சாரார் சிறுவர்; மறு சாரார் கூலிக்கு ஏறுவோர். சிறுவர் வளர்ந்ததும் ஏறுவதை விட்டுவிடுகின்றனர். கூலிக்கு ஏறுவோருக்கு எழுதுதற்கான ஓய்வு வாய்ப்பதில்லை. வளர்ந்த ஒருவர் பயன் எதனையுங் கருதாது, ஏறும் இன்பத்துக்காகவே ஒரு மரத்தில் ஏறி, அவ்வனுபவத்தைப் பொருட்படுத்தத்தக்க எழுத்தாக்கியமை அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

அவ்வரிய எழுத்துகளுள் மூன்று இங்கு நோக்கப்படுகின்றன. முதலாவது, ஜோன் மியூர் 1894இல் வெளியிட்ட ‘கலிபோர்ணியாவின் மலைகள்’ என்னும் நூலில் இடம்பெறும், காட்டில் வீசிய புயற்காற்றுப் பற்றிய கட்டுரை. இரண்டாவது, றொபேட் புறொஸ்ற் 1915இல் வெளியிட்ட ‘பேர்ச் மரங்கள்’ என்னுங் கவிதை. மூன்றாவது, றிச்சாட் பிறெஸ்ரன் 2007இல் வெளியிட்ட ‘காட்டு மரங்கள்’ என்னும் நூல். முதலாவதும் மூன்றாவதும் வட கலிபோர்ணியாவின் காடுகளைக் களமாகக் கொண்டவை; இரண்டாவது அதே நாட்டின் வடகீழ் மூலையிலுள்ள நியூ ஹம்ஷயர்ப் பண்ணைப்புறத்தில் வேரூன்றியது.

இத்தகைய ஆக்கங்களைக் கண்டதும் ‘இவை வாழ்க்கைப் போராட்டத்தினின்றும் ஒதுங்கி மரக்கிளையிற் புகலிடந் தேடும் எழுத்துகள்’ என முத்திரை குத்திவிடுதல் திறனாய்வாளர் சிலர்க்கு எளிதாக அமையும். உழைக்கும் மக்கள் நிலத்தில் நிற்கின்றனர், இவர்களோ மரத்தில் நிற்கின்றனர் என்று கூறிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆயினும் இம்மூன்று ஆக்கங்களையும் ஊன்றிப் படிப்போர்க்கு அம்முடிவு போதியதாகத் தோன்றாது. ஏறுதலின் இன்பத்தை இவை ஒரே தரத்தில் எடுத்துரைக்கவில்லை. உழைப்பினாற் பயின்ற கையும் கண்ணும் எவ்விடத்திற் செயற்படுகின்றனவோ அவ்விடத்தில் இன்பம் உயிர்பெறுகின்றது. உயரத்தின் அளவே பொருளாகும் இடத்தில் அது வற்றுகின்றது. இக்கூற்று எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை ஆக்கங்களைக் கொண்டே பார்த்தல் தகும்.

மியூர் ஸ்கொத்லாந்தில் 1838இற் பிறந்து, 1849இற் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர். காட்டினைப் பற்றிப் பரவசத்தோடு எழுதியவர் என்றே அவர் பெரிதும் அறியப்படுகின்றார். எனினும் அவர் எழுத்தாளராவதற்கு முன்னர்த் தொழிலாளியாக இருந்தவர். 1867இல் இந்தியானாபொலிஸ் நகரில் வண்டிச் சில்லுகளும் உறுப்புகளும் செய்யும் ஆலையொன்றிற் பணியாற்றியபோது கண்ணிற் காயமுற்றுச் சில காலம் பார்வையிழந்து கிடந்தார். 1869இல் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் விடுதி நடத்திய ஒருவருக்காக மரமரியும் ஆலையொன்றினை அமைத்து இயக்கினார். மரத்தின் எடையையும் வளைவையும் முறிவையும் கைகளால் அறிந்த ஒருவரே பின்னர்ப் புயலில் மரமேறினார் என்பது அக்கட்டுரையை விளங்கிக்கொள்வதற்கு மிக வேண்டிய செய்தியாகும்.

1874ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். சியரா நெவாடா மலைத்தொடரில், யூபா ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கொன்றில் நண்பரொருவர் வீட்டில் மியூர் தங்கியிருந்தார். பெருங்காற்று எழுந்தது. வீட்டினுள் ஒதுங்குவதற்குப் பதிலாக அவர் காட்டினுட் புகுந்தார். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை எங்கோ ஒரு மரம் விழும் ஓசை கேட்டதாகக் குறிக்கின்றார். நண்பகல் அளவில் அவ்வட்டாரத்தின் மிக உயர்ந்த முகடொன்றினை அடைந்ததும், இனி ஏதாவதொரு மரத்தில் ஏறிப் பார்த்தாலென்ன என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றுகின்றது. இவ்விடத்திலிருந்து கட்டுரையின் நடை மாறுகின்றமை நோக்கற்பாலது. அதுவரை காற்றின் இசையையும் ஒளியையும் வியந்துகொண்டிருந்த உரைநடை திடீரென நிதானங் கொள்கின்றது. எந்த மரத்தில் ஏறுவது? தன் எடையைத் தாங்காது வேரோடு சாயக்கூடியது எது? பக்கத்து மரம் விழுந்தால் அடிபடக்கூடியது எது? அடிமரம் பருத்துக் கிளைகள் மிக உயரத்தில் தொடங்குவதால் ஏறவே இயலாதது எது? இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கி, டக்ளஸ் ஸ்புறூஸ் என அவர் அழைக்கும் ஊசியிலை மரக்கூட்டமொன்றினைத் தேர்கின்றார். அம்மரங்கள் புற்கற்றை போல நெருங்கி நின்றன. எல்லாம் ஒருங்கே விழுந்தாலன்றி ஒன்று தனித்து விழாது. அவற்றுள் உயர்ந்தது ஏறத்தாழ 100 அடி. தாவரவியல் ஆய்வுக்காக ஏறிப் பழகியவராதலின் எளிதில் உச்சியை அடைந்தார்.

தேர்வு நிகழும் இப்பகுதியைப் பலர் விரைந்து கடந்து, உச்சியில் அவர் அடைந்த பரவசத்தையே எடுத்துக் கூறுவர். உண்மையிற் கட்டுரையின் முதுகெலும்பு இதுவேயாகும். இதனைத் தொழிலாளியின் கண் எனலாம். எந்த மரம் எப்பக்கம் சாயும் என்பதை முன்னறிதல் மரந்தறிப்போரின் கலை. அக்கலை இங்கே தறிப்பதற்கன்றி ஏறுவதற்குப் பயன்படுகின்றது. பின்னர் வரும் இன்பத்துக்கு வாசகன் நம்பிக்கையோடு உடன்படுவதற்கு இந்நிதானமே பிணை நிற்கின்றது. வெறும் உணர்ச்சி வேகத்தில் ஏறிய ஒருவர் அதே சொற்களில் அதே பரவசத்தை எழுதியிருப்பின், வாசகன் அவரை மடையர் எனக் கருதிப் புத்தகத்தை மூடியிருக்கக்கூடும்.

உச்சியில் மியூர் சில மணிநேரம் தங்குகின்றார். மரத்தின் தலை 20 முதல் 30 பாகை வரை வில்லாக வளைந்து வளைந்து மீள்கின்றது. பனிச்சுமையால் நிலந்தொட வளைந்தும் முறியாத அவ்வின மரங்களை முன்பே கண்டிருந்தமையால் அச்சமில்லை என்கின்றார். பின்னர் அவர் செய்வது வியப்புக்குரியது. கண்ணை மூடிக்கொள்கின்றார். அத்துணை உயரத்துக்கு ஏறியவர் எவரும் தொலைவைப் பார்க்கவே விரும்புவர். அவரும் முதலிற் பார்க்கின்றார். காற்றில் அலையலையாகப் புரளும் காட்டின் ஒளியை விரித்துரைக்கின்றார். ஆனால் அதன்பின் கண்ணை ஓய்வித்துக் காதையும் மூக்கையும் வேலைக்கு அழைக்கின்றார். பிசின் மணம், ஈரப் பன்னத்தின் மணம், கடலிலிருந்து நெடுந்தூரங் கடந்துவந்த உப்பின் மணம் என மணங்களைப் பிரித்தறிகின்றார். கடல்மணம் அவரை ஸ்கொத்லாந்துக் கரையோரத்துச் சிறுபராயத்துக்கு இட்டுச்செல்கின்றது. உயரம் இங்கே பார்வைக்கான மேடையாக நின்றுவிடவில்லை. உடலின் எல்லாப் புலன்களையும் திறக்கும் வாயிலாகின்றது. மரங்களும் பயணிகளே, மனிதன் போய்வரும் பயணமெல்லாம் மரத்தின் ஊசலாட்டத்தைவிடச் சிறிதே பெரியது என்னும் கருத்து இவ்வனுபவத்தின் விளைவாக அவர் நெஞ்சில் எழுகின்றது. அக்கருத்தை மேசையருகே அமர்ந்து எழுதியிருப்பின் அது வெறும் அணியலங்காரம். ஊசலில் அமர்ந்தமையால் அது அறிவாயிற்று.

இவ்வளவும் கூறியபின் அக்கட்டுரையின் பெருங் குறையையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. மியூர் காட்டும் யூபா ஆற்றங்காட்டில் மனிதரே இல்லை எனலாம். ஆனால் 1874இல் யூபா வடிநிலம் கலிபோர்ணியாவின் தங்க அகழ்வுக் களங்களுள் முதன்மையானது. பெருங்குழாய்களால் நீரைப் பீச்சி மலைச்சரிவுகளையே கரைத்துப் பொன் தேடும் முறை அங்கு உச்சநிலையில் இருந்த காலம் அது. கரைந்த மண் ஆற்றை நிரப்பித் தாழ்நிலத்துப் பயிர்ச்செய்கையைப் பாழாக்கியது, கமக்காரர் வழக்காடினர், 1884இல் நீதிபதி சோயர் அளித்த தீர்ப்பு அம்முறையைத் தடுத்து நிறுத்தியது. அவ்வாற்றுப் படுகையின் பூர்வ குடிகளான நிசெனான் மக்கள் 1848ஐ அடுத்து நேர்ந்த பொன்வேட்டையில் தம் நிலத்தை இழந்தனர். உச்சியில் நின்று கடலின் மணத்தைக்கூட உணர்ந்த மூக்குக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் சேறு மணக்கவில்லை. கண்மூடல் என்பது அக்கட்டுரையின் அழகு. அதுவே அதன் எல்லையுமாகும்.

மியூரின் ஊசல் காற்றினால் ஆட்டப்படுவது. புறொஸ்றின் சிறுவனோ தன் ஊசலைத் தானே உண்டாக்குகின்றான். நியூ ஹம்ஷயரின் டெறி என்னுமிடத்திற் பண்ணை வைத்து வாழ்ந்த புறொஸ்ற், அக்கவிதையைத் தாம் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் எழுதினார். அவர் நாடு திரும்பியபின் 1915 ஓகஸ்ற் மாத ‘அத்லாந்திக் மந்த்லி’ இதழில் அது வெளிவந்தது. மறு ஆண்டு ‘மலை இடைவெளி’ என்னுந் தொகுதியிற் சேர்க்கப்பட்டது. 59 அடிகளில், எதுகையற்ற ஐஞ்சீர் யாப்பில் அமைந்தது.

கவிதை ஒரு தருக்கத்தோடு தொடங்குகின்றது. நேராக நிற்கும் கரிய மரங்களிடையே வளைந்து நிற்கும் பேர்ச் மரங்களைக் காணும்போது, யாரோ ஒரு சிறுவன் அவற்றில் ஏறி ஊசலாடியிருப்பான் என எண்ணக் கவிஞருக்கு விருப்பம். ஆனால் மரங்களை அவ்வாறு நிரந்தரமாகக் கூனவைப்பது சிறுவனின் ஊசலாட்டமன்று. பனிக்கட்டி மழையின் சுமையே என்பது அவருக்குத் தெரியும். அவ்வுண்மையை அவரே விரிவாகச் சொல்கின்றார். கண்ணாடியென உறைந்த பனி வெயிலில் உடைந்து நொறுங்கி விழும் காட்சியை இருபது அடிகள் அளவிற் காட்டியபின், மெய்ம்மை குறுக்கிட்டது, இனித் தன் விருப்பத்துக்கு வருவோம் என்ற பாவனையில் மீண்டும் சிறுவனிடம் திரும்புகின்றார். கற்பனையை நாடும் கவிஞர் ஒருவர் மெய்ம்மைக்கு முதலில் அதன் கூலியைக் கொடுத்துவிட்டே கற்பனைக்குச் செல்கின்றார். தப்பியோடும் எழுத்து இம்முறையைக் கைக்கொள்ளாது.

அச்சிறுவன் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. அவன் மாடுகளை ஓட்டிவரச் செல்பவன். ஊரிலிருந்து தொலைவில் வாழ்வதால் பந்தாட்டம் பழகும் வாய்ப்பற்றவன். தனித்து விளையாடவேண்டியவன். அவன் ஏறுவது பொதுக்காட்டு மரங்களிலன்று, தந்தையின் மரங்களில். ஒவ்வொன்றாக ஏறி அவற்றின் விறைப்பை அடக்குகின்றான். இதனைத் தந்தைக்கும் மகனுக்குமிடையிலான உளவியற் போராட்டமாகக் காட்டுவோர் உளர். அவ்வாறு கொள்வதிற் பிழையில்லை. ஆனால் அதனினும் எளிய விளக்கம் ஒன்றுண்டு. வேலைக்கும் வேலைக்கும் இடைப்பட்ட நேரத்தில், வேலைக்களத்திலேயே, வேலைக்கான பொருளையே விளையாட்டுக்கான பொருளாக மாற்றிக்கொள்ளும் கமக்காரச் சிறுவன் அவன். மாடு காத்திருக்கின்றது என்பதைக் கவிதை மறக்கவில்லை.

ஏறும் முறையைச் சொல்லும் அடிகளிலேயே புறொஸ்றின் கலை உச்சம் பெறுகின்றது. பேர்ச் மெல்லிய மரம். மிக விரைவில் வெளியே பாய்ந்தால் அது வளைந்து ஏறியவனை முழுவதும் கீழே கொண்டுவராது, இடையிலே தொங்கவிட்டுவிடும். ஆகவே உச்சிக் கிளைகள் வரை சமநிலை தவறாது மேலே செல்லவேண்டும். அந்நிதானத்துக்குக் கவிஞர் தரும் உவமை, ஒரு கிண்ணத்தை விளிம்புவரையும், ஏன், விளிம்புக்கும் சற்று மேலாகவும் நிரப்புகின்ற கையின் கவனமாகும். உவமை அடுக்களையிலிருந்து வந்தது. விளிம்புக்கு மேலே திரண்டு நிற்கும் நீர் சிந்தாதிருப்பது ஒரு கணமே. அக்கணத்திற் சிறுவன் காலை முன்னே நீட்டி வெளியே பாய்கின்றான். மியூர் ஒரு பக்கத்திற் செய்த தேர்வின் நிதானத்தைப் புறொஸ்ற் ஒரு கிண்ணத்தில் அடக்கிவிட்டார். உயரம் எத்தனை அடி என்று கவிதை சொல்வதில்லை. அது வேண்டப்படவுமில்லை.

கவிதையின் இறுதிப்பகுதி இன்றும் கருத்து வேறுபாட்டுக்கு இடமளிக்கின்றது. வாழ்க்கை பாதையற்ற காடாகிவிடும்போது, தானும் சிறிது காலம் மண்ணை விட்டு மேலே சென்று, பின் திரும்பிவந்து புதிதாகத் தொடங்க விரும்புவதாகக் கவிஞர் கூறுகின்றார். தன்னை விதி தவறாக விளங்கிக்கொண்டு ஒரேயடியாக மேலே எடுத்துவிடக் கூடாதென்றும் அஞ்சுகின்றார். அன்புக்கு உரிய இடம் இம்மண்ணே என்கின்றார். இவ்விடத்திற் கவிதை அறவுரையாகச் சரிகின்றது என்பார் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் அச்சரிவைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு நுண்விவரம் சற்று முன்னரே இடப்பட்டுள்ளது. பாதையற்ற காட்டில் முகத்தில் ஒட்டி அரிக்கும் சிலந்தி நூலும், திறந்த கண்ணில் அடித்து நீர் வழியச் செய்த சுள்ளியும் அவை. தளர்ச்சி என்ற பொதுச்சொல்லைக் கூறிவிட்டுக் கவிஞர் நகர்ந்திருப்பின் மேற்செல்லும் விருப்பம் சோம்பேறியின் விருப்பமாகியிருக்கும். கண்ணில் நீர் வழிபவனுக்கு அவ்விருப்பத்துக்கு உரிமையுண்டு. மேலும், மரமே தாங்கமாட்டாது வளைந்து அவனை மண்ணில் இறக்கிவிடுகின்றது என்பதால், ஏற்றத்தின் முடிவு இறக்கத்தினுள்ளேயே அமைந்துவிடுகின்றது. மண்ணுக்கு மீட்டுவரும் ஏற்றத்தைத் தப்பியோடல் என்றழைப்பது எவ்வாறு?

பிறெஸ்ரனின் நூலுக்குச் செல்லுமுன் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு ‘மரமேறுதல்’ என்னுஞ் சொல்லே விளையாட்டை நினைவூட்டுவதன்று. தளநாரைக் காலிலிட்டுப் பனையேறிச் சீவல்தொழில் செய்வோரின் உழைப்பும், அத்தொழில் காரணமாக அவர்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவுமே அச்சொல்லோடு ஒட்டிவருவன. இன்பத்துக்காக மரமேறுவோர் பற்றிய நூலை இங்குப் படிப்பவர் எவரும் ‘எவர் தொழிலை எவர் விளையாட்டாக்கினர்?’ என்று கேட்கவே செய்வர். அமெரிக்காவைப் பொறுத்தவரையிலும் அவ்வினா பொருத்தமற்றதன்று. கயிறும் இடுப்புவாரும் முடிச்சும் கொண்டு பெருமரமேறும் முறை, நகரத்து மரங்களைக் கத்தரித்துப் பேணும் தொழிலாளரிடமிருந்தே பொழுதுபோக்கு ஏறுவோருக்குக் கிடைத்தது. 1983இல் அற்லாந்தா நகரில் இப்பொழுதுபோக்குக்கென ஓர் அமைப்பினைத் தொடங்கிய பீற்றர் ஜெங்கின்ஸ் மரப்பராமரிப்புத் தொழிலைச் செய்துவந்தவரே. மரத்தைத் தறிப்போர் பயன்படுத்தும் காலாணி முட்களைப் பொழுதுபோக்கு ஏறுவோர் ஏற்பதில்லை. அவை பட்டையைத் துளைத்து உயிர்மரத்தைக் காயப்படுத்தும். கடனாகப் பெற்ற தொழிலறிவைச் சற்றே திருத்திய நேர்த்தி இது எனலாம்.

பிறெஸ்ரன் கொடிய தொற்றுநோய்கள் பற்றித் திகில் நடையில் எழுதிப் புகழ்பெற்றவர். ‘காட்டு மரங்கள்’ என்னும் நூலின் தொடக்கமும் அந்நடையிலேயே அமைந்துள்ளது. 1987ஆம் ஆண்டு, 19 வயது மாணவரான ஸ்ரீவ் சிலெற், நண்பரோடு வட கலிபோர்ணியாவின் றெட்வூட் காட்டுள் நுழைகின்றார். கயிறு இல்லை. பெருமரத்தின் முதற்கிளை கைக்கெட்டா உயரத்தில் இருக்கின்றது. அருகே நிற்கும் சிறிய மரத்தில் ஏறி, அங்கிருந்து பெருமரத்தின் கிளைக்குத் தாவுகின்றார். வாசகன் மூச்சைப் பிடித்துக்கொள்கின்றான். மியூரின் நிதானத்துக்கு இது நேர்மாறானது. இத்தாவலை நூலாசிரியர் வீரச்செயலாகவே காட்டுகின்றார். மடமை என்னும் ஐயம் எழுவதற்கு அவர் இடமளிப்பதில்லை. திறனாய்வு நோக்கில் நூலின் முதற்பலவீனம் அதன் முதற்பக்கங்களிலேயே வெளிப்பட்டுவிடுகின்றது.

ஆயினும் அத்தாவலுக்குப் பின் நிகழ்வது வேறு. சிலெற் உச்சிக்குப் போனதைவிட வழியிற் கண்டதே பெரிது. றெட்வூட் மரத்தின் தலை ஒற்றைக் கூம்பன்று. முறிந்த இடங்களிலெல்லாம் புதிய அடிமரங்கள் கிளைத்து, மரத்தின்மேல் மரமாக நிற்கின்றன. கவர்களில் நூற்றாண்டுக் கணக்கான இலைச்சருகு உக்கி மண்ணாகியுள்ளது. அம்மண்ணிற் பன்னங்கள் மெத்தையாகப் படர்ந்துள்ளன; காட்டுப் பழப்பற்றைகள் காய்க்கின்றன; சலமந்தர் என்னும் ஈரூடகவாழிகள் குடியிருக்கின்றன. நிலத்திலிருந்து எவரும் கண்டிராத ஒரு தோட்டம் அங்கே இருந்தது. அம்மாணவர் பின்னர் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி அத்தோட்டத்தையே தம் ஆய்வுப்பொருளாக்கினார். இங்கே இன்பம் அறிவின் தாயாகின்றது. முற்போக்குத் திறனாய்வாளரும் இதனை மறுக்கவியலாது. விளையாட்டாக ஏறியவனின் வியப்பு இல்லாதிருந்தால், அக்காட்டு உச்சியின் உயிர்வாழ்க்கை இன்னும் நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்திருக்கும்.

நூலின் மிகச் சிறந்த பகுதிகள் ஏறும் முறையை நிதானமாக விளக்குவனவாகும். வில்லினால் மெல்லிய நூலை உயர்ந்த கிளைக்கு மேலாக எய்து, நூலின் முனையிற் கயிறு கட்டி இழுத்து, கயிற்றைக் கவ்வும் உலோகப் பிடிகளால் அங்குலம் அங்குலமாக மேலேறுதல். பின்னர்க் கிளைகளிடையே கயிறுகளைச் சிலந்தி போல நெய்து, எந்தக் கிளையிலும் முழு எடையையும் இடாது காற்றில் மிதந்து செல்லுதல் ஆகியவற்றை எழுதும்போது பிறெஸ்ரனின் திகில் நடை தானாகவே அடங்கிவிடுகின்றது. அவரும் ஏறப் பயின்றவர் என்பது அப்பகுதிகளில் தெரிகின்றது. கை அறிந்ததை எழுதும்போது சொல் மிகைப்படுவதில்லை. மியூரின் தேர்வும் புறொஸ்றின் கிண்ணமும் இவ்விடத்தில் மூன்றாவது முறையாக வேறோர் உருவில் எதிர்ப்படுகின்றன.

நூலின் மறுபாதியோ எண்களால் ஆனது. மிக உயரமான மரம் எது என்னுந் தேடல் நூல் முழுவதையும் இழுத்துச்செல்லும் கயிறாக உள்ளது. 2006இற் கண்டறியப்பட்டு, சிலெற் உச்சிவரை ஏறி அளவுநாடாவைக் கீழேவிட்டு அளந்த மரம் 115.55 மீற்றர், ஹைப்பீரியன் எனப் பெயரிடப்பட்டது. அதே ஆண்டிற் கண்டறியப்பட்ட வேறிரண்டுக்கு ஹீலியஸ், ஐக்கரஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்துத் தேவர்களும், உயரப் பறந்து விழுந்தவனும் பெயராயினர். அக்காடுகளில் நெடுங்காலம் வாழ்ந்து, றெட்வூட் மரத்தாற் படகும் வீடும் செய்த யூறொக் மக்களின் மொழி அப்பெயர்களில் இல்லை. ‘கண்டுபிடிப்பு’ என்னுஞ் சொல்லை நூல் தயக்கமின்றிக் கையாள்கின்றது. யூபா ஆற்றங்கரையில் மியூர் மூடிய கண் இங்கே நூறாண்டு கழிந்தும் மூடியே இருக்கின்றது.

இன்னொன்றையும் நோக்கவேண்டும். பழைய றெட்வூட் காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதமே. ஹைப்பீரியன் நிற்கும் சரிவு 1978இலேயே தேசியப் பூங்காவுடன் இணைக்கப்பட்டது. மிக அருகேயுள்ள நிலம் அதற்கு முன்னரே மொட்டையடிக்கப்பட்டிருந்தது. மிக உயரமான மரம் என்பது எஞ்சியவற்றுள் மிக உயரமானது என்றே பொருள்படும். பிறெஸ்ரன் காட்டழிவை அறியாதவரல்லர். அதுபற்றி எழுதவும் செய்கின்றார். ஆனால் நூலின் கதைப்போக்கில் அது பின்னணித் திரைச்சீலையாகவே தொங்குகின்றது. அதே ஹம்போல்ட் மாவட்டத்தில், மரவியாபாரக் கம்பனியொன்றின் தறிப்புக்கு எதிராக லூனா என்னும் றெட்வூட் மரத்தில் ஜூலியா பட்டர்ஃபிளை ஹில் என்னும் இளம்பெண் 1997 டிசெம்பர் முதல் 1999 டிசெம்பர் வரை 738 நாள்கள் இறங்காது வாழ்ந்தார். அவரது ஏற்றத்தைப் பொழுதுபோக்கு என எவருஞ் சொல்லார். எனினும் மரத்தின் ஆட்டத்தோடு தன் உடலை இசைவித்துப் புயல்களைக் கடந்தமையால், அவரும் மியூரின் வழியில் வந்தவரே எனலாம்.

மரங்களின் இருப்பிடத்தை நூல் வெளியிடவில்லை. இடங்களை வேண்டுமென்றே மறைத்தமை ஆசிரியரின் பொறுப்புணர்வுக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் மறைக்கப்பட்ட புதையலைப் பற்றி முந்நூறு பக்கங்கள் எழுதுவது எவ்வகையான மறைப்பு என்னும் வினா எழுகின்றது. உலகில் மிக உயர்ந்தது ஒன்று, அதற்குப் பெயர் ஒன்று, உயரம் தசமதானம் வரை, இருப்பிடம் மட்டும் இரகசியம் என்று சொல்லப்பட்டால், தேடிச் செல்வோர் புறப்படாதிருப்பரோ? இருப்பிடம் பின்னர்க் கசிந்தது. பாதையில்லாத அச்சரிவில் மக்கள் தாமே பாதைகளை மிதித்து உண்டாக்கினர். 2022இற் பூங்கா நிருவாகம் அம்மரத்தைச் சூழ்ந்த பகுதியை மூடி, மீறுவோர்க்கு 5,000 டொலர் தண்டமும் ஆறு மாதச் சிறையும் விதிக்கப்படலாம் என அறிவித்தது. இதற்கான பழி முழுவதையும் ஒரு நூலின் மீது சுமத்துதல் நியாயமன்று. ஆனால் ஏறுதலின் இன்பத்தை அவர் எவ்வளவுக்கு ஊசலாக எழுதினார், எவ்வளவுக்கு உச்சியாக எழுதினார் என்பது இங்கே வெறும் நடையியல் வினாவாக நின்றுவிடவில்லை. புறொஸ்றின் கவிதையைப் படித்தவன் தன் வீட்டருகே நிற்கும் ஏதாவதொரு மெல்லிய மரத்தை நோக்கிச் செல்வான். மியூரைப் படித்தவன் காற்றடிக்கும் நாளுக்காகக் காத்திருப்பான். பிறெஸ்ரனைப் படித்தவனுக்கோ அந்த ஒரு மரமே வேண்டும்.

ஹைப்பீரியனின் அடியை மிதித்துத் தேய்த்தோரிற் பெரும்பாலோர் அதில் ஏறியவரல்லர். ஏறுவதற்குத் தேவையான பயிற்சியோ கருவியோ அனுமதியோ அவர்களிடம் இல்லை. அவர்கள் நடந்துவந்து, அடிமரத்தைத் தொட்டு, படமெடுத்துச் சென்றனர். றெட்வூட் மரத்தின் வேர் ஆழமாகச் செல்வதன்று. மண்ணின் மேற்பரப்பையொட்டிப் பரவுவது. மிதிபட்டு இறுகிய அம்மண்ணிற் பன்னங்கூட இப்போது முளைப்பதில்லை என்று பூங்கா நிருவாகம் கூறியுள்ளது. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போருக்கு அம்மரத்தின் உச்சி தெரிவதுமில்லை.